பெயரைக் கண்டு பணியலாமா?

பிறர் பெயரைச் சொல்லிப் பிழைப்பது என்பது இன்று நேற்றுத் தோன்றிய தொழில் அல்ல. "தாசில்தார் அனுப்பினார்" என்று சொல்லிக்கொண்டு கிராமத்துக்குள் நுழைந்து, கோழியும் அரிசியும் வாங்கிக்கொண்டு போனவர்களைப் பற்றி நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். "இந்தக் கார்டைப் பார்த்ததும் இதேபோல் பத்துப் பேருக்கு எழுத வேண்டும், எழுதினால் செல்வம் வரும், எழுதாவிட்டால் குடும்பத்துக்குக் கேடு வரும்" என்று சாமி பெயரால் வந்த மொட்டைக் கார்டுக்குப் பயந்து, ஓடிப்போய்ப் பத்துக் கார்டு வாங்கி எழுதிப் போட்டவர்களும் நம்மில் உண்டு. தாசில்தார் அனுப்பியது வாஸ்தவமா என்று தாசில்தாரைக் கேட்டவர் இல்லை. கார்டை எழுதியது யார் என்று கேட்டவரும் இல்லை. பெயரைக் கேட்டதும் தலை குனிந்தது. தலை குனிந்ததும் புத்தி தன் வேலையை நிறுத்திவிட்டது.

அந்தத் தொழிலே இப்பொழுது மின்னஞ்சல் வழியாகவும் செல்போன் வழியாகவும் மகா விமரிசையாக நடந்து வருகின்றது. பாங்கியின் பெயர், தபால் இலாகாவின் பெயர், மின்சார இலாகாவின் பெயர், பெரிய வியாபாரக் கம்பெனிகளின் பெயர் ஆகியவைகளைப் போட்டு, அவைகளின் சின்னத்தையும் நிறத்தையும் அப்படியே வைத்து ஒரு கடிதம் வருகின்றது. "உங்கள் கணக்கு நிறுத்தப்படப் போகின்றது, கீழேயுள்ள லிங்க்கை அழுத்தி விவரத்தைக் கொடுங்கள்" என்று அதில் கண்டிருக்கின்றது. அழுத்தினால் பாங்கியின் பக்கத்தைப் போலவே ஒரு பக்கம் திறக்கின்றது. அதில் பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் கொடுத்தால், கொடுத்தவருடைய பணம் போய்விடுகின்றது. இதற்கு இங்கிலீஷில் ஃபிஷிங் என்று பெயர். மீன் பிடித்தல் என்று அர்த்தம். தூண்டிலில் மாட்டியிருக்கும் இரை நமக்கு நம்பிக்கையான ஒருவருடைய பெயர் என்பதை மாத்திரம் வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் பட்டணத்துக்காரர் சங்கதி, நமக்கென்ன என்று யாரும் இருந்துவிட வேண்டாம். தென்காசி ஜில்லாவில் மலையடிவாரத்தில் உள்ள அச்சன்புதூரையே எடுத்துக்கொள்ளுவோம். அந்த ஊரிலும், பக்கத்தில் வடகரை, கடையநல்லூர் முதலிய ஊர்களிலும், மகனோ கணவனோ வளைகுடா தேசங்களிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் உழைத்து அனுப்பும் பணத்தில் நடக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. பணம் அனுப்புவதும் வாங்குவதும் இன்று செல்போனிலேயே நடந்துவிடுகின்றது. ஆகவே பாங்கியின் பெயரால் ஒரு கடிதம் வந்தால் வீட்டிலுள்ளவர்களுக்கும் பதைப்பு, வெளிதேசத்தில் இருப்பவருக்கும் பதைப்பு. மற்றொரு பக்கம் நெல்லும் தென்னையும் வைத்திருக்கும் விவசாயி இருக்கிறார். அவருக்கு பி.எம். கிசான் திட்டத்தின்படி வருஷத்துக்கு 6,000 ரூபாய் மூன்று தவணையாக வருகின்றது. அந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லியே போலிச் செயலியை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதை ஏற்றிக்கொண்டவர்களின் கணக்கைத் துடைத்த மோசடியும் நடந்திருக்கின்றது. பட்டணத்தில் லக்ஷாதிபதியின் லக்ஷம் போவதும், இங்கே ஒருவர் மூன்று வருஷம் பாலைவனத்தில் வெந்து சேர்த்த லக்ஷம் போவதும் ஒன்றாகிவிடுமா என்பதை யோசித்துப் பாருங்கள்.

நமது தென்பாண்டிச் சீமை சம்பந்தப்பட்ட ஒரு வழக்கையே இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். அபுதாபியில் வேலை பார்த்து வந்த தமிழர் ஒருவருக்கு ஐ.சி.ஐ.சி.ஐ. பாங்கியின் தூத்துக்குடிக் கிளையில் கணக்கு இருந்தது. 2007 செப்டம்பரில் அந்தப் பாங்கியின் பெயரால் அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. இன்டர்நெட் பாங்கிங் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுதி அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் கணக்கே இல்லாமல் போய்விடும் என்று அதில் கண்டிருந்தது. அவரும் பாங்கிதான் கேட்கின்றது என்று நம்பி அனுப்பிவிட்டார். பிறகு பார்த்தால் 6 லட்சத்து 46 ஆயிரம் ரூபாய் வேறொரு கம்பெனியின் கணக்குக்குப் போயிருந்தது. அதில் பெரும் பகுதியை அந்தக் கம்பெனி பம்பாயிலுள்ள அதே பாங்கியின் கிளையில் ரொக்கமாகவே எடுத்துக்கொண்டு போய்விட்டது.

பாங்கி சொன்ன சமாதானம் என்ன தெரியுமா? "இரகசியத்தை நீயே வெளியில் சொன்னாய், நஷ்டமும் உன்னுடையதே" என்பதுதான். அவர் அதோடு வாயை மூடிக்கொண்டு போகவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி சென்னையில் தமிழ்நாடு சர்க்காரின் தகவல் தொழில்நுட்பச் செயலாளரிடம் முறையிட்டார். பாங்கி தன் பாதுகாப்புக் கடமையைச் சரிவரச் செய்யவில்லை என்று கண்டு, பறிபோன தொகையோடு பிரயாணச் செலவு முதலியவைகளையும் சேர்த்து 12 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய் கொடுக்கும்படி 2010 ஏப்ரல் 12-ந் தேதி அந்த அதிகாரி தீர்ப்புச் சொன்னார். பாங்கி மேல்முறையீடு செய்தது. 2019 ஜனவரியில் டெல்லித் தீர்ப்பாயமும் பாங்கிக்கு விரோதமாகவே முடிவு சொல்லிற்று. ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுதியதன் பலனைத் தீர்த்துக்கொள்ளப் பதினோரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று!

இந்த வழக்கில் நாம் கவனிக்க வேண்டிய சங்கதிகள் இரண்டு. ஒன்று, பெயரை நம்பிக் கொடுத்ததால் வந்த ஆபத்து. மற்றொன்று, ஏமாந்தவன் தலையிலேயே முழுப் பழியையும் போட்டுவிட்டுப் பெரிய ஸ்தாபனங்கள் தப்பித்துக்கொள்ளப் பார்க்கும் வழக்கம். இரண்டையும் பற்றித் தனித்தனியே யோசிக்க வேண்டியது அவசியமாகும்.

முதலாவது, பெயர் என்பதற்கு என்ன மதிப்பு? தபாலில் வரும் உறையின் மேல் "அனுப்புவோர்: கவர்னர்" என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். அப்படி எழுதியிருப்பதாலேயே கவர்னர் அனுப்பியதாக ஆகிவிடாது. மின்னஞ்சலும் அப்படித்தான். 1982-ல் வகுத்த விதிகளின் மேல் அது இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றது. அனுப்புகிறவன் தன்னை யார் என்று சொல்லிக்கொள்ளுகின்றானோ அதை அப்படியே ஒப்புக்கொள்ளுவதாகத்தான் அந்த விதிகள் ஏற்பட்டன. பின்னால் எத்தனையோ சோதனைகளைச் சேர்த்திருக்கின்றார்கள். அவைகளால் பல போலிகள் வழியிலேயே தடுக்கப்படுகின்றன என்பதும் வாஸ்தவமே. ஆனாலும் கடிதத்தின் தலையில் பெரிதாகத் தெரியும் பெயர் மட்டும் இன்றைக்கும் அனுப்புகிறவன் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்ளுவதே. செல்போனிலோ அந்தப் பெயர்தான் தெரியும். அதன் பின்னாலுள்ள விலாசம் மறைந்திருக்கும். பெயரைத் தொட்டு விலாசத்தைத் திறந்து பார்க்கிறவர்கள் எத்தனை பேர்?

லிங்க்கின் விலாசத்தைப் படிப்பதற்கும் ஒரு முறை உண்டு. செங்கோட்டையில் ஒருவர் கடை வைத்து "திருநெல்வேலி அல்வாக் கடை, செங்கோட்டை" என்று பலகை போட்டால், முன்னால் திருநெல்வேலி என்று இருப்பதற்காகக் கடை திருநெல்வேலியில் இருப்பதாகச் சொல்ல முடியுமா? கடை எங்கே இருக்கின்றது என்பதைக் கடைசியில் உள்ள ஊர்ப் பெயர்தான் சொல்லும். வலைத்தள விலாசத்திலும், தொடக்கத்திலுள்ள இரட்டைச் சாய்கோட்டை விட்டு, அதற்கப்புறம் வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் முடிவாக உள்ள வார்த்தைகள்தான் சொந்தக்காரனைக் காட்டும். அதற்கு முன்னால் பாங்கியின் பெயரைப் பத்துத் தரம் எழுதியிருந்தாலும் பிரயோசனமில்லை. இதை உத்தேசித்தே ரிசர்வ் பாங்கு, 2025 அக்டோபர் 31-ந் தேதிக்குள் எல்லாப் பாங்கிகளும் தங்கள் வலைத்தள விலாசத்தை "புள்ளி பாங்க் புள்ளி இன்" என்று முடியும்படி மாற்றிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டது. அந்த முடிவுள்ள விலாசத்தைப் பாங்கி அல்லாதவர்கள் வாங்க முடியாது. ஆகவே பாங்கியின் பக்கம் என்று ஒன்று திறந்தால், விலாசம் எப்படி முடிகின்றது என்று பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். நடுவில் அந்த வார்த்தைகள் வந்தால் போதாது. முடிவில் வர வேண்டும்.

சிலர், "பூட்டுச் சின்னம் இருக்கின்றதே, அதனால் பயமில்லை" என்கின்றார்கள். அரக்கு முத்திரை வைத்த கடிதத்தை வழியில் யாரும் பிரிக்கவில்லை என்று சொல்லலாம். எழுதியவன் யோக்கியன் என்று அதைக்கொண்டு சொல்ல முடியுமா? திருடனும் அரக்கு வாங்கலாம். பூட்டுச் சின்னமும் அவ்வளவே. இன்னும் சிலர், எழுத்துப் பிழை இருந்தால் போலி, இல்லாவிட்டால் அசல் என்று ஒரு கணக்கு வைத்திருக்கின்றார்கள். அது பழைய கணக்கு. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு, தமிழே தெரியாத ஒருவன் பிழையில்லாத தமிழில் கடிதம் தயார் செய்துகொள்ளுகின்றான். ஆதலால் நடையைப் பார்த்து யோக்கியதையைத் தீர்மானிக்க முடியாது.

பின்னே எதைப் பார்ப்பது என்று கேட்டால், கடிதம் நம்மிடம் எதை எழுப்பப் பார்க்கின்றது என்பதைப் பார்க்க வேண்டும் என்போம். மொட்டைக் கார்டில் இருந்த சரக்குத்தான் இதிலும் இருக்கின்றது. ஆசை, பயம், அவசரம் என்கின்ற மூன்றுக்கு மேல் நான்காவது சரக்கு இல்லை. "பரிசு விழுந்திருக்கின்றது" என்பது ஆசை. "கணக்கு முடக்கப்படும்" என்பது பயம். "இன்றைக்குள்" என்பது அவசரம். யோசிக்க நேரம் கொடுத்தால் தன் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதற்காகவே அவன் அவசரப்படுத்துகின்றான். 2022-ல் தமிழ்நாடு பூராவும், "போன மாத பில் கட்டவில்லை; இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும்" என்று மின்சார இலாகாவின் பெயரால் செய்திகள் வந்தன. அப்பொழுது நம் நாட்டில் வீட்டு மின்சாரக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் எடுக்கப்பட்டு வந்தது என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். "போன மாத பில்" என்கின்ற வார்த்தை ஒன்றே அது வெளியூர்த் திருடன் எழுதியது என்று காட்டிக் கொடுத்தது. அப்படியிருந்தும் பயந்துபோய் அதிலிருந்த நெம்பருக்குப் பேசிப் பணம் இழந்தவர்கள் இருந்தார்கள் என்றால், தெரிந்த விஷயத்தைக்கூட நினைக்க விடாமல் பயம் தடுத்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

பெயர் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குக் கேள்வி குறைகின்றது என்பது இத்தொழிலின் மூலதனம். திருப்பதி தேவஸ்தானத்தின் பெயரால்கூடப் போலி வலைத்தளங்கள் ஏற்படுத்திப் பக்தர்களிடம் பணம் பறித்திருக்கின்றார்கள். 2023-ல் தேவஸ்தானத்தாரே போலீஸில் புகார் கொடுத்து, ஜனங்களையும் எச்சரிக்க நேர்ந்தது. பெயருக்குரிய சாமி வந்து தடுக்கவில்லை. போலீஸுக்குத்தான் எழுத வேண்டியிருந்தது.

நிற்க, படிக்காத பாமர ஜனங்கள்தான் இப்படி ஏமாறுவார்கள் என்று மெத்தப் படித்தவர்கள் நினைத்துக்கொள்ளுகின்றார்கள். இது வெறும் அகம்பாவமே ஒழிய வேறில்லை. லித்துவேனியா தேசத்தான் ஒருவன், தைவானைச் சேர்ந்த குவான்டா என்னும் கம்பெனியின் பெயரால் போலி பில்களையும் மின்னஞ்சல்களையும் அனுப்பி, 2013 முதல் 2015 வரையில் கூகுள், ஃபேஸ்புக் ஆகிய இரண்டு கம்பெனிகளிடமிருந்தும் 10 கோடி டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டான். 2019 டிசம்பரில் அவனுக்கு அமெரிக்கக் கோர்ட்டில் 5 வருஷ சிறைத் தண்டனை கிடைத்தது. உலகத்துக்கே மின்னஞ்சல் நடத்துகிற கம்பெனியின் கணக்குப்பிள்ளைகளே பெயரைக் கண்டு பணம் கொடுத்தார்கள் என்றால், அச்சன்புதூரில் பீடி சுற்றும் ஒரு தாயார் ஏமாந்ததற்கு அவரை மூடர் என்று சொல்ல யாருக்கு யோக்கியதை இருக்கின்றது? ஏமாறுவதற்குக் காரணம் படிப்பில்லாமை அல்ல. பெரிய பெயர் கேட்டால் கொடுத்தே தீர வேண்டும், எதிர்த்துக் கேட்பது மரியாதைக் குறைவு என்று பழக்கப்பட்டுப் போன குணந்தான் காரணம்.

ஆகவே இதற்கு நாம் சொல்லும் பரிகாரம் மிகச் சுருக்கமானது. அவன் காட்டுகிற வாசல் வழியாகப் போகாதீர்கள். கடிதத்திலுள்ள லிங்க்கையோ நெம்பரையோ தொடாமல், பாஸ் புஸ்தகத்திலும் ஏ.டி.எம். கார்டின் பின்புறத்திலும் அச்சிட்டிருக்கும் நெம்பருக்குப் பேசுங்கள். அல்லது கிளைக்கே நேரில் போய்க் கேளுங்கள். கடிதம் அசலாக இருந்தால் அங்கேயும் அதே சங்கதியைச் சொல்லுவார்கள். போலியாக இருந்தால் உங்கள் பணம் தப்பிற்று. பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் பாங்கிச் சிப்பந்திகூடக் கேட்கக் கூடாது. கேட்கிறவன் யாராயிருந்தாலும் திருடன் என்று வைத்துக்கொள்ளலாம். முகம் தெரியாதவர் அனுப்பும் செயலியைச் செல்போனில் ஏற்றிக்கொள்ளக் கூடாது. சந்தேகம் தோன்றினால் அடுத்த வீட்டுக்காரரிடம், "அண்ணாச்சி, இப்படி ஒண்ணு வந்திருக்கு, கொஞ்சம் பாருங்க" என்று காட்டுங்கள். அவர் ஒன்றும் தெரியாதவராக இருந்தாலும் பாதகமில்லை. காட்டுவதற்கு ஆகும் ஐந்து நிமிஷத்தில் அவசரம் தணிந்து, உங்கள் புத்தியே உங்களுக்கு வழி சொல்லிவிடும்.

இவ்வளவுக்கும் மேல் ஒருவர் ஏமாந்துவிட்டால் அவர் செய்ய வேண்டியது என்ன? ஒரு நிமிஷமும் தாமதியாமல் 1930 என்கின்ற நெம்பருக்குப் பேசிச் சொல்ல வேண்டும். உடனே பாங்கிக்கும் சொல்ல வேண்டும். திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாறி மாறிப் போவதற்குள் தடுத்தால்தான் கிடைக்கும். ரொக்கமாக எடுத்துக்கொண்டு போய்விட்டால் பிறகு கிடைப்பது அபூர்வம். 2017 ஜூலை 6-ந் தேதி ரிசர்வ் பாங்கு போட்ட உத்தரவில், வாடிக்கைக்காரரே இரகசியத்தைக் கொடுத்திருந்தாலும், அவர் பாங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணம் பாங்கியையே சேர்ந்த நஷ்டம் என்று கண்டிருக்கின்றது. ஆகவே சொல்லாமல் இருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் திருடனுக்கு லாபம்.

ஆனால் நம் ஜனங்கள் சொல்லுவதில்லை. "வெளியில் தெரிந்தால் மானம் போய்விடும்", "மகன் திட்டுவான்", "கணவன் கோபிப்பார்" என்று மூடி மறைக்கின்றார்கள். திருட்டுக் கொடுத்தவனுக்கு ஏனய்யா வெட்கம்? வெட்கப்பட வேண்டியவன் திருடனல்லவா? வெளிதேசத்திலிருக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லுவோம். வீட்டிலுள்ள பெண்களை, "உனக்கு ஒன்றும் தெரியாது, நான் சொன்னதை மாத்திரம் செய்" என்று பழக்கி வைத்தால், அவர்கள் நாளைக்குத் திருடன் சொன்னதையும் அப்படியே செய்வார்கள். கேள்வி கேட்கும் பழக்கத்தை வீட்டுக்குள் அடக்கிவிட்டு, செல்போனில் மட்டும் கேள்வி கேட்க வேண்டுமென்று எதிர்பார்த்தால் எப்படி முடியும்?

இரண்டாவது சங்கதியாகிய ஸ்தாபனங்களின் பொறுப்புக்கு வருவோம். 2024-ல் மாத்திரம் இந்தியாவில் இணைய மோசடிகளால் ஜனங்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று சர்க்காரே பார்லிமெண்டில் சொல்லியிருக்கின்றது. இவ்வளவும் ஏமாந்தவர்களுடைய அஜாக்கிரதை என்று தள்ளிவிடுவது நியாயமாகுமா? திருடனுக்கும் ஒரு பாங்கிக் கணக்கு வேண்டியிருக்கின்றது. அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தது யார்? மலைபோல் பணம் வந்து இறங்கி அதே நாளில் வெளியேறும்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தது யார்? அன்றியும், பாங்கிகளும் கம்பெனிகளுமே ஒரு பக்கம் "லிங்க்கை அழுத்தாதே" என்று உபதேசம் செய்துகொண்டு, மற்றொரு பக்கம் "சலுகை இன்றோடு முடிகின்றது, இந்த லிங்க்கை அழுத்து" என்று தாங்களே நாள்தோறும் எழுதிக்கொண்டிருக்கின்றார்கள். திருடனுடைய பாஷையையே தாங்களும் பேசிவிட்டு, ஜனங்கள் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை என்று குறை சொன்னால் அதில் என்ன நாணயமிருக்கின்றது?

சட்டமில்லாமலும் இல்லை. 2005 மார்ச்சில் டெல்லி ஹைகோர்ட்டு, நாஸ்காம் சங்கத்தின் பெயரால் போலி மின்னஞ்சல் அனுப்பியவர்கள் மேல் வந்த வழக்கில், தனிச் சட்டம் இல்லாத காலத்திலேயே இது சட்ட விரோதமான செய்கை என்று சொல்லிவிட்டது. பிறகு 2008-ல் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவு, கம்ப்யூட்டரைக் கொண்டு ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுகிறவனுக்கு 3 வருஷம் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கின்றது. ஆனால் சட்டம் திருடனைப் பிடித்த பிறகுதான் பேசும். தூத்துக்குடிக் கணக்குக்காரரைப் போலப் பதினோரு வருஷம் நின்று வழக்காட எத்தனை கூலிக்காரரால் முடியும்? அதனால் வழக்குக்குப் போகாமலேயே நியாயம் கிடைக்கும்படி ஏற்பாடு செய்ய வேண்டியது சர்க்காரின் கடமை. பேரூராட்சி, பள்ளிக்கூடம், மகளிர் சுயஉதவிக் குழு ஆகியவைகள் மூலம், ஒரு போலிக் கடிதத்தையும் ஓர் அசல் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஜனங்களுக்குக் காட்டிச் சொல்லிக் கொடுப்பதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகிவிடாது. ஊரிலுள்ள படித்த வாலிபர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் அதுவே போதும்.

தோழர்களே! நம்பிக்கையே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. நம்பிக்கை இல்லாமல் பாங்கியும் நடக்காது, தபாலும் நடக்காது. ஆனால் விசாரித்துப் பார்த்து வைக்கும் நம்பிக்கை வேறு, பெயரையும் முத்திரையையும் கண்டதும் பணிந்துவிடுவது வேறு. "நீ யார்? நீ சொல்லுவது வாஸ்தவம் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று எவ்வளவு பெரிய பெயரைப் பார்த்தும் கேட்க நமக்கு உரிமை உண்டு. யோக்கியமான ஸ்தாபனம் அந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ளாது. கோபித்துக்கொண்டு அவசரப்படுத்துகிறவனிடம் நமக்கு ஒரு வேலையும் இல்லை.